வைஃபை கார்டின் பெயரையும் பெட்டியில் போடுங்கள்

புது லேப்டாப் வாங்கும்போது அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிராசஸரின் முழுப்பெயர் இருக்கும், எத்தனையாவது தலைமுறை என்பது உட்பட. ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் எல்லாம் இருக்கும். அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதி செய்தவரின் முகவரி, எந்த மாதம், எந்த ஆண்டு, புகாருக்கு எந்த எண் என்பவையும் இருக்கும். 2011-ஆம் ஆண்டு வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அவை கட்டாயம். வைஃபை என்ற வரிக்கு வந்தால் மட்டும் 'வைஃபை 6' என்றோ '802.11ஏசி' என்றோ ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் கார்டு யாருடையது, என்ன மாடல் என்று ஒரு எழுத்து இருக்காது.

விண்டோஸிலேயே காலம் தள்ளுபவருக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. லினக்ஸ் போட நினைப்பவருக்கோ அந்த லேப்டாப்பைப் பற்றி முதலில் தெரிய வேண்டிய விஷயமே அதுதான்.

காரைக்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, "அக்கா, லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும். 2016-இல் வாங்கிய லேப்டாப் நல்ல நிலையில் இருந்தாலும் அதற்குத் தகுதி கிடையாது. அண்ணனோ அக்காவோ படித்து முடித்து வைத்த லேப்டாப்பை பாலிடெக்னிக் போகும் தம்பி எடுத்து வருகிறான். அதை அப்படியே குப்பைக்கு அனுப்புவதைவிட லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுவது புத்திசாலித்தனம். போட்டால் திரை வருகிறது, சத்தம் வருகிறது, டச்பேட் வேலை செய்கிறது. வைஃபை அடையாளம் மட்டும் மேலே வருவதில்லை.

ஏன் வைஃபைக்கு மட்டும் இந்தத் தகராறு? கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்குப் பொதுத்தரம் உண்டு. எந்தக் கம்பெனி பென்டிரைவைச் செருகினாலும் ஒரே டிரைவர் அதோடு பேசிவிடும். வைஃபையில் காற்றில் போகும் அலைக்குத்தான் பொதுத்தரம்; ரவுட்டரும் கார்டும் பேசிக்கொள்வது 802.11. கார்டும் கணினியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியிலும் வரிசைக்கு வரிசை வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் எழுதியாக வேண்டும்.

டிரைவர் இருந்தால் மட்டும் போதாது. கார்டுக்குள்ளே ஒரு குட்டி பிராசஸர் இருக்கிறது. அதை ஓட்டும் நிரல்தான் ஃபர்ம்வேர். அதைக் கார்டிலேயே நிரந்தரமாகப் பதித்துவைக்க ஒரு ஃபிளாஷ் சிப் தேவை, அதற்குக் காசு. ஆகவே பல கார்டுகளில் அது கிடையாது. கரண்ட் போனால் கார்டுக்கு எல்லாம் மறந்துவிடும். கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் டிரைவர் டிஸ்கிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துக் கார்டுக்குள் ஏற்ற வேண்டும். கோப்பு இல்லாவிட்டால் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று கம்பெனி சொல்லாது. பகிரும் உரிமையைக் கொடுத்தால் லினக்ஸோடு சேர்த்துத் தரலாம். கொடுக்காவிட்டால் அவரவர் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்டெல் கார்டுள்ள லேப்டாப்பில் லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பதிவைத் திறந்து பார்த்துப் பயந்துபோய் வரும் பையன்கள் உண்டு. 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்று தொடங்கும் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை −2 என்று வரிசையாக நாலைந்து வரிகள் இருக்கும். −2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று அர்த்தம். கோப்பின் பெயரில் ஒரு பதிப்பு எண் உண்டு. டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டால் மேலே உள்ள வரிகளையெல்லாம் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்தான் கவலை.

அந்தக் கவலையிலும் ஒரு வேடிக்கை. கோப்பை டவுன்லோடு செய்ய நெட் வேண்டும். நெட் வர அந்தக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. முன்பெல்லாம் லேன் கேபிளைச் செருகிச் சமாளித்தோம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. ஆகவே எல்லோருக்கும் நான் சொல்வது, செல்போனை டேட்டா போகும் யூஎஸ்பி கேபிளில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் போட வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே லேப்டாப்புக்கும் வரும்.

இதெல்லாம் தெரிந்தவருக்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு லேப்டாப்புகளில் இரண்டு வேறு கம்பெனிக் கார்டுகள் இருப்பதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த மாதம் எது கிடைத்ததோ அதைத் தொழிற்சாலையில் மாட்டி அனுப்புகிறார்கள். நண்பனிடம் இருக்கும் அதே மாடல், அவனுக்கு லினக்ஸ் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது என்று நம்பி வாங்கிய பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, அவனுக்கு மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டாள். இரண்டின் அடிமூடியையும் கழற்றிக் காட்டினேன். ஒன்றில் இன்டெல். இன்னொன்றில் வேறொன்று, அதற்கான டிரைவர் அவள் போட்டிருந்த லினக்ஸின் கெர்னலுக்கு அப்போது வந்து சேரவில்லை. யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிவைத்த டிரைவரை எடுத்துப் போட்டாள். சாவி பதிவாகாத டிரைவரை ஏறவிடாத செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்ததால், அடுத்த முறை கணினியைத் தொடங்கியபோது நீலத்திரையில் சாவியைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டது. நீலத்திரையைக் கண்டால் யாருக்கும் வயிறு கலங்கும். தொடரலாம் என்ற வரியை அழுத்திவிட்டாள். சாவி பதிவாகவில்லை, டிரைவரும் ஏறவில்லை. இவ்வளவும் பெட்டியில் இல்லாத ஒரு வரியால் வந்த வினை.

இதைவிட மோசமானது ஆன்டெனா விவகாரம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த லேப்டாப். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வைஃபை ஓடும்; அடுத்த அறைக்குப் போனால் செத்துப்போகும். விண்டோஸில் ஒழுங்காகத்தான் இருந்ததாம். திறந்தேன். சாதாரணமாக மூடியின் திரைப் பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கிக் கார்டுக்கு வரும். ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு பித்தளை வளையம். நகத்தால் நேராக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். இந்த லேப்டாப்பின் கார்டில் முளைகள் இரண்டு இருந்தன, வயர் ஒன்றுதான் வந்தது. ஒரு ஆன்டெனாவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எந்த முளையில் வயர் இருக்கிறது என்பது கம்பெனியின் விண்டோஸ் டிரைவருக்குத் தெரிந்திருந்தது. லினக்ஸ் டிரைவரோ வயர் இல்லாத முளையில் காதை வைத்துக்கொண்டிருந்தது. எந்த முளையைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல அந்த டிரைவருக்கு ஒரு அமைப்பு உண்டு. அதை மாற்றி ஒரே ஒரு வரிக் கோப்பு எழுதினேன். மைனஸ் எண்பது சொச்சத்தில் கிடந்த சிக்னல் ஐம்பது சொச்சத்துக்கு ஏறியது. "ஒரு வரிதானா மேடம்? நான் ரவுட்டரையே மாத்திட்டேனே" என்றார்.

கார்டையே மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம், பல லேப்டாப்புகளில் ஒரு ஸ்க்ரூ, இரண்டு வயர், ஒன்றிரண்டாயிரம் ரூபாய். சிலவற்றில் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சில பழைய லேப்டாப்புகளில் பயாஸுக்குள் அனுமதிப்பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கணினி பூட் ஆகாமலே நின்றுவிடும். இன்டெல்லில் மட்டும் பார்த்தாலும் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்று இரண்டு இருக்கின்றன. முதலாவது ஏறக்குறைய எந்த போர்டிலும் ஓடும். இரண்டாவதின் வேலையில் பெரும்பகுதியை இன்டெல் போர்டே செய்வதால் ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் அப்படியொரு கார்டு இருப்பதாகவே தெரியாது. சரி, யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாம் என்றால் அங்கேயும் இதே கதை. மிகப் பிரபலமான ஒரு டாங்கிளின் முதல் பதிப்பில் ஏத்தெரோஸ் சிப் இருந்தது. அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரலே கிடைக்கிறது. மாடல் பெயரை மாற்றாமலே இரண்டாம் பதிப்பில் வேறு கம்பெனி சிப்பைப் போட்டார்கள்.

கம்பெனிகள் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2003 வாக்கில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர் உலகமெங்கும் விற்றது. உள்ளே ஓடியது லினக்ஸ், சிப் பிராட்காமுடையது. லினக்ஸின் உரிமம் மூலநிரலைக் கேட்கும் உரிமையைத் தருவதால் ரவுட்டரின் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ரவுட்டருக்குள் லினக்ஸோடு குடித்தனம் நடத்திய அதே பிராட்காம், லேப்டாப் கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவரும் தரவில்லை, குறிப்பேடும் தரவில்லை. கடைசியில் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு கம்பெனியின் டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பு எழுதியது. மற்றொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து, மூல டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், புதிதாக எழுதியது. காப்புரிமை வழக்கு வந்தால் தப்பிக்க அதுதான் வழி. 2006-இல் அது கெர்னலில் சேர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைப் பகிர உரிமை இல்லாததால், கம்பெனி டிரைவரைத் தரவிறக்கி அதிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டியெடுக்க ஒரு தனி நிரல் எழுதினார்கள். 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் இறங்கிவந்து சில புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது.

ஏத்தெரோஸ் 2008-லேயே ஏத்9கே டிரைவரைத் தானே திறந்து கொடுத்துவிட்டது. அந்த வரிசை பிசிஐ கார்டுகளுக்குத் தனியாக ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டாம். அந்தக் காலத்து ஏத்தெரோஸ் கார்டு உள்ள லேப்டாப் இன்றைக்கும் என் மேஜைக்கு வந்தால் எந்த லினக்ஸ் போட்டாலும் அடுத்த நிமிஷம் வைஃபை வந்து நிற்கும். ரியல்டெக்கும் இப்போது முன்பு போல இல்லை. அவர்களுடைய பொறியாளர்களே கெர்னலுக்கு டிரைவர் அனுப்புகிறார்கள். என்ன, கார்டு சந்தைக்கு வந்து ஓரிரு வருஷம் கழித்துத்தான் டிரைவர் வந்து சேரும். சந்தையில் பரவலாகியிருந்த 8821சிஇ என்ற கார்டுக்கு 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலில்தான் விடிந்தது. கார்டின் பெயர் தெரிந்தால் வாங்குபவர் இதையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்.

லினக்ஸ் பக்கத்திலும் ஒரு பிடிவாதம் இருந்தது. டெபியன் என்ற பெரிய லினக்ஸ் குடும்பம், மூலநிரல் தராத எதையும் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் விரதம் இருந்தது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் அடி விழுந்தது ஃபர்ம்வேரைப் பூட்டிவைத்த கம்பெனிக்கா? லேன் துளை இல்லாத லேப்டாப்போடு விடுதி அறையில் உட்கார்ந்திருந்த மாணவனுக்குத்தான். ஃபர்ம்வேர் சேர்த்த வட்டு ஒன்றை அவர்களே தனியாக ஒரு மூலையில் வைத்திருந்தார்கள்; அது இருக்கும் இடம் பழகியவர்களுக்கு மட்டும் தெரியும். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி விரதத்தை முடித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ வட்டிலேயே வருகிறது. மூடிய ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம் என்பவர் அதை நிறுத்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பத்து வருஷத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மூலநிரல் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன். முதலில் பையனுக்கு நெட் வரட்டும்.

கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. வைஃபை என்பது ரேடியோ. எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்று ஒவ்வொரு நாடும் சட்டம் வைத்திருக்கிறது. ஃபர்ம்வேரைத் திறந்துவிட்டால் யாராவது மீறுவார்கள் என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய லேப்டாப்பில் வீட்டு வைஃபையே தெரியவில்லை, செல்போனில் தெரிகிறது என்று ஒரு ஆச்சி கொடுத்துவிட்டார். ரவுட்டர் தானாக 13-ஆம் சேனலைப் பிடித்திருந்தது. நம் நாட்டில் 13 வரை உண்டு. அமெரிக்கக் கணக்கில் பழகிய கார்டு 11-க்கு மேல் பார்க்காது. ரவுட்டரை 6-க்கு மாற்றியதும் தெரிந்தது. நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது என்பது உண்மைதான், அதற்காக ஃபர்ம்வேரைத் திறக்கத் தயங்கினால் அதைப் பற்றிப் பேசலாம். கார்டின் பெயரை அச்சிட்டால் எந்த விதி மீறப்படும்?

பெயர் அரசாங்கத்துக்குத் தெரியாததும் இல்லை. வைஃபை உள்ள எந்தக் கருவியும் இந்தியாவுக்குள் விற்பனைக்கு வர வேண்டுமானால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் ரேடியோவின் மாடல் எண்ணைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். பாதுகாப்புத் தரத்துக்கான பிஐஎஸ் பதிவு எண் லேப்டாப்பின் அடியில் தனியாக இருக்கும். ஆக, தகவல் கம்பெனியிடம் இருக்கிறது, டில்லியில் ஒரு கோப்பில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவர் கைக்குத்தான் வரவில்லை. கார்டு அடிக்கடி மாறும், பெட்டியில் அச்சிட முடியாது என்பார்கள். பெட்டிக்குப் பெட்டி வேறான சீரியல் எண்ணை அச்சிட முடிகிறதே. பெட்டியில் இடம் இல்லையென்றால், மின்னணுப் பொருட்களுக்குச் சில விவரங்களை க்யூஆர் கோடில் தரலாம் என்று 2022-இல் தற்காலிகமாக விதியைத் தளர்த்தினார்கள். அப்படியொரு கோடில் இதையும் சேர்க்கட்டும்.

தமிழ்நாடு அரசு இதில் நினைத்தால் நிறையச் செய்ய முடியும். 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பாஸ் என்பது சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. என் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் பாஸ் இருந்த பகுதியை அழித்து விண்டோஸோடு சேர்த்திருந்தார்கள். வகுப்பில் யாரும் அதைத் தொட்டுக் காட்டாதபோது பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே பல வருஷமாக லினக்ஸில் நடக்கிறது. லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும் அரசு டெண்டரில், வைஃபை கார்டின் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் எல்லா லினக்ஸ்களும் எடுத்துக்கொள்ளும் பொதுத்தொகுப்பில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனியும் ஆர்டரை விட்டுவிட்டுப் போகாது. அப்படி வாங்கிய லேப்டாப்புக்கு விண்டோஸ் ஆதரவு முடிந்த பிறகும் வேலை இருக்கும்.

அது நடக்கும்வரை, வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் டெமோ பீஸைக் கேளுங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் என்ற வரியை விரித்து, வரும் பெயரை போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடிப் பாருங்கள். சீல் உடைக்காத பெட்டியில் வேறு கார்டு இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, போட்டோவில் உள்ள கார்டு இல்லையென்றால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் கடைக்காரர் தலையைச் சொறிவார். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் அவரே டீலருக்கு போன் போட்டு விசாரித்து வைத்திருப்பார்.